கம்ப்ரசர் இல்லாத பெட்டி

கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் 'காமராஜ் ரெஃப்ரிஜிரேஷன்' என்று ஒரு போர்டு தொங்கும். அந்தக் காமராஜ் நான்தான். ஃப்ரிட்ஜ், ஏசி, வாட்டர் கூலர் என்று எது நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருசத்தில் நான் தப்பாகச் சொன்ன வியாதி ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றால் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் முகம் பார்க்காமல் ஆகிவிட்டார்கள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வைத்தது ஒரு மழை.

போன கார்த்திகையில், குளத்தூருக்கு மேற்கே இருக்கும் பெத்தம்மாள் அக்கா வீட்டுக்கு, அவளுடைய மிக்ஸியைச் சரிபார்த்துக் கொடுக்கப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்புவதாகத் திட்டம். சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. ஓடையில் ஆளை இழுக்கிற வெள்ளம். பஸ் வரவில்லை. கரிசல் மண்ணைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்குக் கோபம் வரும். மழையில் நாலு அடி நடந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும். ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ அப்பிக்கொள்ளும். செருப்பைப் பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டு திருப்பித் தராது.

காலையில் அக்கா மகள் வனிதா ஒரு நீலப் பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றாள். பக்கத்து வீட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஊரில் ஆடுமாடுகளுக்கு மருந்து மாத்திரை கொடுக்க கால்நடை ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவள். எதற்கும் கலங்காத பிள்ளை, அன்றைக்கு முகம் வெளிறிப் போயிருந்தது.

"மாமா, இதுக்குள்ள எரநூறு ஆட்டுக்குத் தடுப்பூசி மருந்து இருக்கு. ஐஸ் பாதி உருகிட்டு. கரண்டு கம்பம் அஞ்சு சாஞ்சு கெடக்காம். ரெண்டு நாளாவது ஆகுமாம்."

"டாக்டர் வரலியா?"

"ஓடையத் தாண்டி எப்படி வருவாரு? ஆடும் ஓடைக்கு அந்தப் பக்கம் கிடை போட்டுருக்கு. அப்பாவும் அவியளும் அங்கனதான் இருக்காவ."

அவிய என்றால் அவள் புருசன் ராஜபாண்டி. அடுத்த ஊரில் ஆட்டுக்கொல்லி நோய் வந்து நாற்பது ஆடுகள் செத்திருக்கின்றன. ஊசி மருந்து குளிர்ச்சியில் இருந்தால்தான் மருந்து, சூடாகிவிட்டால் வெறும் தண்ணீர். மறுபடி வாங்க இரண்டு வாரம் ஆகும், அதற்குள் நோய் ஓடையைத் தாண்டிவிடும்.

"டாக்டர் நாளைக்கு எடுத்துட்டு வாரேன்னுதான் சொன்னாரு. நான்தான் மாமா வெள்ளனே ஆரம்பிக்கலாம்னு கெஞ்சி நேத்தே வாங்கிட்டு வந்தேன். இது கெட்டுப்போச்சுன்னா ஊரு ஆடு பூராத்துக்கும் நான்தான் காரணம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஃப்ரிட்ஜ் மெக்கானிக்தான. எதாவது செய்யுங்க."

அந்த ஊரில் பன்னிரண்டு ஃப்ரிட்ஜ் இருக்கின்றன. பன்னிரண்டும் அலமாரியாகிவிட்டன. கரண்ட் இல்லாத ஊரில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒரு தண்டச்சோறு. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பின்கட்டு அறையில் இருக்கும் அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மச்சான், அதாவது வனிதாவின் அப்பா, அந்தக் காலத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் டிரைவர். முதலாளி வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்ததும் பழையதை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். அது மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ். அடியில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் மேலே குளிரும். ஊரே வந்து வேடிக்கை பார்த்ததாம். இரண்டு வருசம் ஐஸ் கொடுத்தது, திடீரென்று நின்றுவிட்டது. எதிர்வீட்டுச் சோலைச்சாமி அண்ணாச்சி வந்து பின்பக்கத்தைத் துடைத்துத் தட்டிப் பார்த்திருக்கிறார், சரியாகவில்லை. உடனே அக்கா எனக்குக் கடிதம் போட்டாள்.

நான் ஐடிஐ முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சட்டைப்பையில் டெஸ்டர், தலையில் கனம். பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன். கறுப்புக் குழாய்கள் இருந்தன. கீழே ஒரு பொந்து காலியாக இருந்தது. மோட்டார் இல்லை, கம்ப்ரசர் இல்லை. கம்ப்ரசர் இல்லாத ஃப்ரிட்ஜை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "அக்கா, இங்கன இருந்த கம்ப்ரசரை யாரோ கழட்டிட்டுப் போயிட்டான்" என்றேன். "அங்கன விளக்குல்லா இருந்துச்சு, அதையும் காணோம்" என்றாள் அக்கா. "விளக்கு கெடக்கட்டும், அது சும்மா பேருக்கு. விளக்கேத்துனா எங்கயாவது குளிருமா? கம்ப்ரசர்தான் உசுரு. ரெண்டையும் சேத்துத் தூக்கிட்டான்" என்று தீர்ப்புச் சொன்னேன். கடைசியாகப் பெட்டியைத் தொட்டது யார்? சோலைச்சாமி. அக்கா தெருவில் இறங்கினாள். அவள் குரல் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். சோலைச்சாமி வாயே திறக்கவில்லை. வாய் திறக்காததையே அக்கா சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

பதினோரு வருசம் கழித்து சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. நூறு வருசத்துக்கு முன்னால் ஸ்வீடன் நாட்டில் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் சேர்ந்து, மோட்டாரோ சுழலும் சக்கரமோ எதுவுமே இல்லாத ஒரு குளிர்ப்பெட்டியைச் செய்திருக்கிறார்கள். மூடிய குழாய்க்குள் தண்ணீரும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் இருக்கும். கீழே தீயைக் காட்டினால் அம்மோனியா ஆவியாகி மேலே ஏறி, சுற்றி வந்து, வரும் வழியில் பெட்டியின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். உலகமெங்கும் கரண்ட் இல்லாத ஊர்களில் அந்தப் பெட்டிதான் மருந்தைக் காத்தது. கரண்ட் வந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்குப் பாடம் நடத்திய வயசான டெக்னீசியன் இன்னொன்றும் சொன்னார். பெட்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் குழாயில் அடைத்துக்கொண்டு குளிராது. அப்போது அதைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நாள் வைத்தால் அடைப்பு தானாக விலகிவிடும் என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் கண் முன்னால் அந்தக் காலிப் பொந்து நின்றது.

ஊருக்கு வந்து அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊர் பூராவும் 'பெத்தம்மா தம்பி பெரிய மெக்கானிக்' என்று பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

வனிதாவை அழைத்துக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் திகைத்து நின்றுவிட்டேன். பெட்டி தலைகீழாக நின்றது. முன்னால் இருந்த கம்பெனிப் பெயர் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே விதைக் கம்பும் விதைக் குதிரைவாலியும், மேலே காய்ந்த வேப்பிலை.

"அக்கா, இத யாரு கவுத்து வச்சது?"

அடுப்படியிலிருந்து வந்த அக்கா, இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள். "நான்தான். அடியில தண்ணி வடியிதுக்கு ஒரு ஓட்ட இருக்குல்லா? எலி அது வழியா ஏறி விதையப் பூரா தின்னுட்டு. எலி கீழருந்துதான வரும், ஓட்டைய மேல தூக்கிட்டேன். அன்னைக்குப் பிடிச்சு ஒரு எலி அண்டல."

"எப்போ?"

"நீ வந்து பாத்துட்டுப் போன அடுத்த மாசமே."

ஒரு நாள் கவிழ்க்கச் சொன்ன பெட்டியை என் அக்கா முப்பத்திரண்டு வருசம் கவிழ்த்து வைத்திருக்கிறாள். உலகத்தில் எந்தப் பெட்டிக்கும் இவ்வளவு நீண்ட வைத்தியம் நடந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் விளக்கு வேண்டும், மண்ணெண்ணெய் வேண்டும். ரேஷனில் மண்ணெண்ணெய் நின்று எத்தனையோ காலம்.

"மண்ணெண்ணெய் ஊருலயே ஒரு வீட்டுலதான் இருக்கு மாமா" என்றாள் வனிதா மெதுவாக. "எதிர்வீட்டுத் தாத்தா முட்டிவலிக்குத் தேய்க்க அஞ்சு லிட்டர் வச்சிருக்காவளாம்."

அக்கா முறத்தைத் தட்டிய சத்தத்திலேயே பதில் இருந்தது. "அந்த ஆளு வாசல மிதிச்ச, காலை ஒடிச்சிருவேன்."

நான் வனிதாவைப் பார்த்தேன். அவள் நீலப் பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி நின்றிருந்தாள், கைக்குழந்தையை வைத்திருப்பது போல. என் பேரா, எரநூறு ஆடா என்று கேட்டால் எந்த முட்டாளுக்கும் பதில் தெரியும். தெரிந்தும் எனக்குக் கால் நகரச் சற்று நேரம் ஆனது. குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். வனிதாவும் பின்னாலேயே வந்தாள்.

சோலைச்சாமி அண்ணாச்சிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீடு பூராவும் மண்ணெண்ணெய் வாசம்.

"அண்ணாச்சி, நான் பெத்தம்மா தம்பி காமராஜ்."

"தெரியுது. என்ன, இப்போ எத களவு குடுத்திய?"

மென்று விழுங்கினால் ஆகாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, அந்தப் பெட்டியில கம்ப்ரசரே கெடையாது. எப்பவுமே இருந்ததில்ல. நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன். நீங்க எதையும் எடுக்கல."

அவர் கை முழங்காலில் அப்படியே நின்றது. "இது உனக்கு எப்போலே தெரியும்?"

"இருவத்தொரு வருசமாத் தெரியும்."

வனிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் நாலு அறை அறைந்திருக்கலாம். அவர் அறையவில்லை. எழுந்து நொண்டியபடி உள்ளே போனார். கொஞ்ச நேரம் தகர டப்பாக்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் அவிழ்த்தார். தட்டையான எண்ணெய்த் தொட்டியும், அதில் பொருத்திய வட்டத் திரி விளக்கும், மேலே புகைக்குழாயும். பித்தளைப் பாகம் பளபளவென்றிருந்தது. அதில் சந்தனம், குங்குமப் பொட்டு.

"நீ இருவத்தொரு வருசம் மறைச்ச. நான் முப்பத்திரெண்டு வருசம் மறைச்சிருக்கேன்" என்றார். "திரி கெட்டிருக்கும்னு நெனச்சு, மாத்திக் கொண்டுவந்து உங்கக்காள அசத்தலாம்னு சொல்லாமக் கழட்டிட்டு வந்துட்டேன். புதுத் திரி கெடைக்க நாலு நாளாயிட்டு. கொண்டுவாரேன், அதுக்குள்ள நீ வந்து களவுன்னு சொல்லிட்ட. அவ தெருவுல நின்னு சாமியாடுதா. அந்நேரம் இத ஏந்திக்கிட்டுப் போனா, இத எடுத்தவன் அத எடுக்காமலா இருப்பான்னு கேப்பாளா மாட்டாளா?"

"கேப்பா" என்றேன். நிச்சயமாகக் கேட்டிருப்பாள்.

"தூரப் போடவும் மனசு வரல. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை துடைச்சு, பொட்டு வச்சு, ஒரு நாழி ஏத்திப் பாப்பேன். நல்லாத்தான் எரியுது."

ஊரில் எல்லோரும் ஆயுத பூசைக்கு அவரவர் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைப்பார்கள். இந்த மனிதர், தான் செய்யாத திருட்டுக்கும் எடுத்த விளக்குக்கும் சேர்த்துப் பொட்டு வைத்திருக்கிறார். அந்தப் பூசையால்தான் விளக்கு துருப்பிடிக்காமல் இருந்தது. கும்பிட்டேன். ஆட்டு மருந்து கெட்டுப்போகப் போவதைச் சொல்லி மண்ணெண்ணெய் கேட்டேன்.

அண்ணாச்சி விளக்கையும் மண்ணெண்ணெய் கேனையும் தூக்கிக்கொண்டு எங்களோடு தெருவைக் கடந்தார். அக்கா வீட்டு வாசலில் வந்ததும் நின்றுவிட்டார். மழை அவர் முதுகில் கொட்டியது. நான் மட்டும் உள்ளே போய் அக்காவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கத்துவாள், துடைப்பத்தை எடுப்பாள் என்று ஒரு கண்ணைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் கத்தவில்லை. புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"செண்பகவல்லி செத்த அன்னைக்கு நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தேன்லே" என்றாள். செண்பகவல்லி சோலைச்சாமியின் மனைவி. அக்காவும் அவளும் சேர்ந்து பருத்தி எடுக்கப் போனவர்கள். "எதிர்வீடு. பத்தடி தூரம். போகல."

எனக்கு அவமானமாக இருந்தது.

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மழையில் நிற்பவரைப் பார்த்தாள். "விளக்கத் தெருவுல வச்சா ஏத்துவாவ? உள்ள வாங்க சோலையண்ணே" என்றாள். அவர் காலில் ஒட்டிய கரிசலை வழித்துவிட்டு உள்ளே வந்தார்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. விதையைக் கொட்டினோம். பெட்டியை நிமிர்த்தினோம். வடிகால் ஓட்டையைத் துணியால் அடைத்தோம். கரிசல் வெயிலில் வெடிக்கும், மழையில் ஊதும், அதன்மேல் கட்டிய வீட்டில் சமமான தரை எங்கே இருக்கப்போகிறது? பெட்டி நின்றுபோனதற்குக் காரணமே அந்தச் சாய்ந்த தரைதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. மேலே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, நாலு காலுக்கும் அடியில் காலித் தீப்பெட்டிகளை நசுக்கிச் செருகினேன். தண்ணீர் தட்டின் விளிம்பில் எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பதினேழு தீப்பெட்டி ஆனது. குழாய்க்குள் இருப்பதைச் சற்று நேரம் அடங்கவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சி கையாலேயே விளக்கை ஏற்றினோம்.

செய்தி எப்படிப் பரவியதோ, சேற்றில் நடந்து அரை ஊர் வந்துவிட்டது. ஒரு மணிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து சின்னச் சத்தம்கூடக் கிடையாது. வேல்சாமி என்றொருவர் என்னிடம், "மெக்கானிக், கம்ப்ரசர் ஓடுற சத்தத்தக் காணமே?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

வனிதா ஐஸ் பெட்டியில் இருந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். அரை மணிக்கு ஒருதரம் கதவைத் திறக்கப்போனவளை அதட்டி உட்கார வைத்தேன். மூன்று மணிக்குப் பின்பக்கக் குழாயின் மேல் முனையைத் தொட்டேன். சுட்டது. கையை எடுத்தபோது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. குழாய்க்குள் ஆவி ஏறிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு நீலப் பெட்டியில் ஐஸ் வெறும் தண்ணீராக ஆகியிருந்தது. "இப்போ தொற" என்றேன். வனிதா கதவைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். இரண்டு தடவை பார்த்தாள். "ஏழு டிகிரி மாமா! எட்டுக்குக் கீழதான் இருக்கணும். ஏழு!" அப்படியே நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தாள். மருந்துக் குப்பிகளை அவளும் அக்காவும் ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார்கள். அதற்குள் ஒரு அம்மா தோசைமாவுச் சட்டியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். "ஆட்டுக்குத்தான் இடம், அரிசிக்கு இல்ல" என்று அவளைத் திருப்பி அனுப்பினோம்.

மூன்றாம் நாள் ஓடை முழங்காலுக்கு இறங்கியது. டாக்டர் டிராக்டரில் வந்தார். மச்சானும் ராஜபாண்டியும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் குப்பிகளைத் தொட்டுப் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பெட்டியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். "இதுல கம்ப்ரசர் எங்க இருக்கு?" என்று கேட்டார். வனிதா சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. சாயங்காலத்துக்குள் எரநூறு ஆடுகளுக்கும் ஊசி போட்டாயிற்று.

எல்லோரும் போன பிறகு அக்கா பெட்டியின் மேல்தட்டிலிருந்து ஐஸ் கட்டிகளைத் தட்டி எடுத்தாள். நன்னாரி சர்பத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து, ஆளுக்கொரு டம்ளரில் ஐஸைப் போட்டாள். முதல் டம்ளரை சோலைச்சாமிக்குக் கொடுத்தாள். அடுத்து வனிதா, ராஜபாண்டி, மச்சான், கடைசியாகத் தனக்கு. நான் கையை நீட்டினேன். செம்பில் இருந்த பானைத் தண்ணீரை ஊற்றி என் கையில் வைத்தாள்.

"எனக்கு ஐஸு?"

"தாரேன். அந்தக் கம்ப்ரசரக் கண்டுபிடிச்சுக் கொண்டா, தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா எதிர்வீட்டுக்குப் போகாத அந்த ஒரு நாளை நான் எங்கே போய்க் கண்டுபிடித்துக் கொண்டுவருவேன்? டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன்.

பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சோலைச்சாமி அண்ணாச்சி என் டம்ளரை வாங்கித் தண்ணீரை முற்றத்தில் கொட்டினார். தன் சர்பத்தில் பாதியை அதில் ஊற்றினார். இரண்டு ஐஸ் கட்டியில் ஒன்றை விரலால் தள்ளிவிட்டார்.

"குடிலே. உருகிரப் போவுது."

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்தேன். பல் கூசியது.